பரிசலில் மூன்று பேர்

"சாப்பிட்டீங்களா?" என்று அவர் கேட்ட இடத்திலேயே மணிமொழியின் மனம் முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. அந்த "ங்க" எங்கிருந்து வந்தது? ஆறு வருஷம் ஒரே வீட்டில் இருந்தபோது வா, போ, சாப்பிட்டியா, மணி அந்தத் துண்டை எடு என்றே பேசிப் பழகிய வாய். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் பிரிந்துபோன ஒருத்தியிடம் மரியாதையாகத்தானே பேச வேண்டும், அது தப்பில்லை, வேறு எப்படித்தான் கேட்டிருக்க முடியும் என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள். சாப்பிட்டியா என்று கேட்டிருந்தால் மட்டும் பொறுத்துக்கொண்டிருப்பாளா? என்ன உரிமையில் கேட்கிறான் என்று எரிந்திருக்கும். ஆனாலும் அந்த "ங்க" உள்ளங்காலில் ஏறிய முள் மாதிரி ஒகேனக்கல் பரிசல் துறையின் படிகளில் அவள் கூடவே இறங்கி வந்தது. "ஆச்சு" என்று மட்டும் சொல்லிவைத்தாள். அவரை என்னவென்று கூப்பிடுவது என்று அவளுக்கும் தெரியவில்லை. அந்தக் காலத்தில் "ஏங்க" என்பாள். இப்போது அதைச் சொன்னால் பொய்யாகிவிடும், பெயரைச் சொல்லி குணசீலன் என்று கூப்பிட நாக்கு வராது, சார் என்றால் சிரிப்பாகப் போய்விடும். எனவே கூப்பிடவே இல்லை. காலை ஒன்பது மணியிலிருந்து எந்த விளிப்பும் இல்லாமல் காற்றைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தாள். மீன் வறுக்கிற எண்ணெய் வாசனை மேலே கடைகளிலிருந்து வந்தது. மகள் பனிமலர் எதிரில் நின்று, ஆரஞ்சு நிறப் பாதுகாப்புச் சட்டையை அம்மாவுக்கு மாட்டி, மார்பில் பட்டையை இழுத்துக் கட்டினாள். "மூச்சு முட்டுதாம்மா?" முட்டியது. பட்டையால் இல்லை. "இல்ல, சரியா இருக்கு" என்றாள் மணிமொழி.

இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது மலர்தான். சேலம் வேண்டாம், அது உன் ஊர். ஓசூர் வேண்டாம், அது அவர் ஊர். நடுவில் இருக்கிற ஏதாவது ஒரு இடத்துக்கு மூன்று பேரும் போய் ஒரு பகல் இருந்துவிட்டு வருவோம் என்று இரண்டு வாரத்துக்கு முன்னால், காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே சொன்னாள். மடித்துக்கொண்டிருந்த புடவையின் முனை மணிமொழியின் கையிலிருந்து நழுவியது. அப்பாவைத் தேடிக் கண்டுபிடித்து ஒரு மாசமாகிறது, போனில் பேசிக்கொண்டிருக்கிறேன், புனேயில் வேலைக்குச் சேர்வதற்கு முன் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்றாள். வியாழக்கிழமை ரயில். நீ தனியாகப் போய்ப் பார்த்துக்கொள், நான் எதற்கு என்று மணிமொழி கேட்டதற்கு, "நீங்க ரெண்டு பேரும் ஒரே இடத்துல இருக்கறத நான் ஒரு தடவயாச்சும் பாக்கணும்மா. எனக்கு ஞாபகமே இல்ல" என்றாள். அதற்கு மேல் என்ன பேசுவது? நான்கு வயதில் அப்பாவைப் பறிகொடுத்த பிள்ளை. பறிகொடுத்ததா, பறித்துக்கொண்டதா? இந்த வார்த்தையில் வந்து நிற்கிறபோதெல்லாம் மனத்தை வேறு பக்கம் திருப்பிவிட அவள் பழகியிருந்தாள். வட்டாட்சியர் அலுவலகத்தில் தட்டச்சு செய்கிறபோதும், குழாயடியில் குடம் நிரம்பக் காத்திருக்கிறபோதும், எத்தனையோ முறை திருப்பிவிட்டிருக்கிறாள். விட்டுவிட்டுப் போனது அவர். ஓசூரில் வேலை, வாரம் ஒரு தடவை வருவார், பிறகு மாதம் ஒரு தடவை, பிறகு அங்கே ஷைலஜா என்று ஒருத்தி. அதில் பொய் ஒன்றும் இல்லை. நீதிமன்றத்தில் இருவரும் சேர்ந்தே கையெழுத்துப் போட்டார்கள். அதிலும் பொய் இல்லை. பொய் அதற்கப்புறம்தான் வந்தது. அதைக்கூட அவள் பொய்யாகச் சொல்லவில்லை. அப்பா ஏம்மா என்னைப் பார்க்க வரவே இல்லை என்று மலர் கேட்ட ஒவ்வொரு முறையும், "வரணும்னு இருந்தா வந்திருப்பாரு" என்பாள். அவ்வளவுதான். அந்த வாக்கியத்தை எத்தனை தடவை சொல்லிப் பார்த்திருப்பாள். வரவில்லை என்று அதில் எங்கேயாவது இருக்கிறதா? இல்லை. வர வேண்டும் என்று இருந்தால் வந்திருப்பார். கேட்கிறவர்கள் வரவில்லை என்று எடுத்துக்கொண்டால் அது யார் குற்றம்? தட்டச்சு செய்கிறவளுக்கு ஒரு எழுத்து விட்டுப்போனால் என்ன ஆகும் என்று தெரியாதா?

பரிசல்காரர் பெயர் மாதப்பன். ஐம்பது வயதிருக்கும், வெற்றிலைக் கறை படிந்த பற்கள். தலையில் கவிழ்த்துத் தூக்கி வந்த பரிசலை நீரில் புரட்டிப் போட்டுவிட்டு, யார் எங்கே உட்கார வேண்டும் என்று சொன்னார். "சார் அந்தப் பக்கம். அம்மா நேர் எதிர்ல இந்தப் பக்கம். பாப்பா அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவுல உக்காந்துக்க. அப்பத்தான் ஒரு பக்கமா சாயாது." அவர் ஒன்றும் தெரியாமல்தான் சொன்னார். குடும்பம் என்று நினைத்திருப்பார். வேறென்ன நினைக்க முடியும், பார்த்தால் குடும்பம் மாதிரிதானே இருக்கிறது. மணிமொழி ஒரு காலை எடுத்து வைத்ததும் பரிசல் அமுங்கி நழுவியது. அவளுக்கு நீந்தத் தெரியாது. ஒரு கை நீண்டு வந்தது. அது அவருடைய கை. பார்க்காதது மாதிரி விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மூங்கில் பிளாச்சுகள் தொடையில் அழுத்தின. வட்டமான பரிசலில் முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது. முகத்தைத் திருப்பி உட்கார வழியே இல்லை. எதிரில் அவர். முடிக்குச் சாயம் போடுகிறார், காதோரம் வெள்ளை வேரில் தெரிகிறது. சட்டைப் பையில் படிக்கிற கண்ணாடி. தொண்டைக்குழிக்குக் கீழே இருந்த அந்த மச்சம் அப்படியே இருக்கிறது. எதற்கு அதைத் தேடினேன் என்று தன்மேலேயே கோபம் வந்தது. துடுப்பு விழுந்தது. கரை விலகியது. இருபுறமும் பாறைகள் உயர ஆரம்பித்தன. முதலில் ஆள் உயரம், பிறகு வீட்டு உயரம், பிறகு அண்ணாந்து பார்த்தாலும் முடியாத உயரம். கறுப்பும் செம்பழுப்புமாக அடுக்கடுக்காகப் பிளந்து நின்றன. நடுவில் பச்சையாகக் காவிரி. எதிர்க்கரை கர்நாடகம் என்று மாதப்பன் துடுப்பால் காட்டினார். வெயில் மேலேயே நின்றுவிட, கீழே நிழலும் குளிரும்தான் இருந்தன. அருவிச் சத்தம் எங்கோ தொலைவில் தரைக்குள் ஓடுகிற இயந்திரம் மாதிரி கேட்டது. மலரும் அவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். புனேயில் மழை எப்படி, தங்கப்போகிற விடுதி எப்படி, அவருடைய பையன் ஒன்பதாவது படிக்கிறான், கணக்கு வரவில்லை, நான் போனில் சொல்லித் தர்றேன் என்கிறாள் மலர். சுலபமாகப் பேசுகிறாளே. பேசும்போது கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் மடக்கி வைத்துக்கொள்கிறாள், எதிரில் அவரும் அப்படியே வைத்திருக்கிறார். இந்தப் பழக்கத்தை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மடக்காதே, விரலை நீட்டு என்று ஒன்றாம் வகுப்பிலிருந்து தட்டித் தட்டிச் சொன்னது மணிமொழிதான்.

மூன்று தடவை வந்தார். முதல் தடவை மலருக்கு ஆறு வயது, அம்மாபேட்டையில் மாடி வீட்டில் இருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவு தட்டுகிற சத்தம் கேட்டு, சங்கிலியை எடுக்காமல் திறந்தாள். படியில் ஒரு சின்ன சிவப்பு சைக்கிளோடு நின்றார். குழந்தை மாமா வீட்டுக்குப் போயிருக்கிறது என்றாள். குழந்தை பின் அறையில் காய்ச்சலில் தூங்கிக்கொண்டிருந்தது. அவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, சைக்கிளை வைத்துவிட்டுப் போகட்டுமா என்றார். வேண்டாம் என்றாள். சைக்கிளைத் தூக்கிக்கொண்டு அவர் படியிறங்குகிறபோது அதன் மணி சுவரில் இடித்து ஒரு தடவை அடித்தது. அந்தச் சத்தத்தில் எங்கே குழந்தை எழுந்துவிடுமோ என்று பின் அறைக்கு ஓடி, அதன் காதைப் பொத்தினாளே, அதை நினைத்தால்தான். தூங்குகிற குழந்தையின் காது, காய்ச்சலில் சுட்டது. பாறையிலிருந்து நீர் சொட்டி அவள் கழுத்தில் விழுந்தது, சில்லென்று. இரண்டாவது தடவை நான்காம் வகுப்பு, பள்ளி விளையாட்டு விழா. எதிரே கரும்புச்சாறு கடையில் நின்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளியில் முன்பே எழுதிக் கொடுத்திருந்தாள், தாயாரைத் தவிர யாரும் சந்திக்க அனுமதிக்க வேண்டாம் என்று, ஒரு பிழையில்லாமல் தட்டச்சு செய்து. அன்று மலரைப் பின்வாசல் வழியாகக் கூட்டிப்போனாள். ஏம்மா இந்தப் பக்கம் என்றதற்குக் குறுக்கு வழி என்றாள். குழந்தையின் கையில் ஓட்டத்தில் வாங்கிய எவர்சில்வர் டம்ளர். வழியெல்லாம் அதை யாரிடமாவது காட்ட வேண்டும் என்று தவித்தது, பூக்காரியிடம் காட்டியது, பேருந்து நடத்துநரிடம் காட்டியது. இந்த இரண்டையும்கூட அவள் தாங்கிக்கொள்வாள். பயம், சின்னப் பிள்ளை, தூக்கிக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வேன் என்று யாரிடமும் சொல்ல முடியும். மூன்றாவதுதான். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த வாரம். அலுவலகத்துக்கே வந்து, வெளியே வேப்பமரத்தடியில் நின்று, மலருக்கு இப்போது பதினாறு ஆகப்போகிறது, அவள் இஷ்டம் என்னவென்று அவளையே கேட்டுச் சொல், அவள் வேண்டாமென்றால் நான் இனி வரமாட்டேன் என்றார். கேட்டுச் சொல்கிறேன் என்றுகூட அவள் சொல்லியிருக்கலாம். ஒரு நாள் தள்ளிப் போட்டிருக்கலாம். நின்ற இடத்திலேயே, "கேட்டுட்டேன். அவளுக்கு உங்கள பிடிக்கல. பாக்க வேண்டாம்னு சொல்லிட்டா" என்றாள். எவ்வளவு சுலபமாக வந்தது. மலர் அன்று வீட்டில் மதிப்பெண் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்குமாம்மா என்று கேட்டிருந்தாள். அதே வாரம். அதே வாரம்தானா? ஆமாம், செவ்வாய்க்கிழமை கேட்டாள், வியாழக்கிழமை அவர் வந்தார்.

திடீரென்று பாறைகள் சுற்ற ஆரம்பித்தன. மாதப்பன் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிற வேடிக்கைதான் அது. துடுப்பை ஒரே பக்கமாகப் போட்டுப் பரிசலைச் சுழல விட்டார். மலர் சிரித்தாள். கறுப்புச் சுவர், பச்சைத் தண்ணீர், வானத்தின் ஒரு கீற்று, அவர் முகம், மறுபடி சுவர். மணிமொழிக்கு மேல் எது கீழ் எது என்று தெரியாமல் போய்விட்டது. விளிம்பைப் பிடித்த விரல்கள் மரத்தன. கவிழ்ந்தால் முதலில் யாரைப் பிடிப்பாள் என்று அந்தச் சுழலுக்குள்ளேயே ஒரு நினைப்பு ஓடியது. அவள் மலரைப் பிடிப்பாள். மலர் யாரைப் பிடிப்பாள்? "நிறுத்துங்க, போதும்" என்று அவர் குரல் கேட்டது. "அவங்களுக்குத் தலை சுத்து உண்டு. ராட்டினத்துல கூட ஏற மாட்டாங்க." பரிசல் தள்ளாடி நின்றது. கண்ணைத் திறந்தபோது மலர் அவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் ஒரு சின்ன ஆச்சரியம். ஒருத்தரைப் பற்றி ஒருத்தருக்கு இன்னும் ஏதோ தெரிகிறது என்கிற ஆச்சரியம். இதைப் பார்க்கத்தானே கூட்டி வந்தாள். பார்த்துவிட்டாள். இத்தோடு கரைக்குப் போய்விட்டால் நன்றாக இருக்கும், இப்படியே இன்றைய நாள் முடிந்துவிட்டால் போதும், வியாழக்கிழமை ரயில் ஏற்றிவிட்டால் போதும் என்று மணிமொழி யாரையோ வேண்டிக்கொண்டாள்.

அப்போதுதான் மலர் கேட்டாள். குரலை உயர்த்தவில்லை, தண்ணீரில் விரலை அளைந்துகொண்டே கேட்டாள். "அப்பா, நீங்க ஏன் என்னப் பாக்க வரவே இல்ல? போன்ல கேக்க வேணாம்னு வச்சிருந்தேன். நேர்ல கேக்கணும்னு."

மாதப்பன் துடுப்பை நிறுத்தவில்லை, ஆனால் தலையைத் திருப்பிக்கொண்டார். குணசீலன் மணிமொழியைப் பார்த்தார். அவள் அந்தப் பார்வைக்காகப் பதினாறு வருஷம் தயார் செய்து வைத்திருந்தாள். குற்றம் சாட்டுகிற பார்வையாக இருக்கும், அதற்கு என்னென்ன திருப்பிச் சொல்ல வேண்டும், ஷைலஜா, ஓசூர், காய்ச்சல் ராத்திரிகள், பள்ளிக்கூட வாசல்கள், தனியாக இழுத்த வண்டி, எல்லாம் அடுக்கி வைத்திருந்தாள். அவர் குற்றம் சாட்டவில்லை. ஒரு கணம் பார்த்தார், பிறகு பார்வையை மகளிடம் திருப்பிக்கொண்டார். "வந்திருக்கணும்மா" என்றார். "என் தப்புதான். வேற ஒண்ணும் சொல்றதுக்கு இல்ல."

மலர் தலையை ஆட்டினாள். அவ்வளவுதான். முடிந்துவிட்டது. மணிமொழியின் மூச்சு தானாக வெளியே போனது. போன மூச்சு திரும்பி உள்ளே வரவில்லை. ஏன் அப்படிச் சொன்னார்? என்மேல் இரக்கமா, பதினெட்டு வருஷம் முன்னால் செய்ததற்கு ஈடு கட்டுகிறாரா, அல்லது நல்லவராக இருந்துவிட்டுப் போகலாம் என்று பார்க்கிறாரா? யார் கேட்டார்கள் இதை? அவர் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் சண்டை போட்டிருப்பாள், பாதி மறுத்திருப்பாள், மீதிக்குக் காரணம் சொல்லியிருப்பாள். இதற்கு எதிராக என்ன செய்ய முடியும்? பேசாமல் இரு, பேசாமல் இருந்தால் எல்லாம் நல்லபடியாக முடியும். குழந்தை நிம்மதியாக ஊருக்குப் போகும். அவரே ஏற்றுக்கொண்ட பிறகு உனக்கென்ன? ஆனால் மலரின் முகம் அப்படி நிம்மதியாக இல்லையே. தண்ணீரில் அளைந்த விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், கட்டைவிரலை மடக்கி. வந்திருக்க வேண்டியவர் வரவில்லை, நான் வந்து பார்க்கிற அளவுக்கு அவருக்கு முக்கியமாக இல்லை, அதை இன்றைக்கு அவர் வாயாலேயே கேட்டுவிட்டேன் என்கிற முகம். இந்த முகத்தை மணிமொழிக்குத் தெரியும். ஒவ்வொரு முறை "வரணும்னு இருந்தா வந்திருப்பாரு" என்று சொன்னபோதும் வந்த முகம் இதுதான். ஆறு வயதில், ஒன்பது வயதில், பதினைந்து வயதில் அதே முகம். இத்தனை நாளும் அதை அவர் கொடுத்த முகம் என்று நினைத்திருந்தாளே. நொறுக்குத்தீனிப் பொட்டலங்களைத் தோரணமாகத் தொங்கவிட்ட ஒரு கடைப் பரிசல் பக்கத்தில் வந்து உரசியது. அதில் இருந்த பெண் கடலை வேணுமா, சிப்ஸ் வேணுமா என்று கேட்டாள். மாதப்பன் கையைக் காட்டி அனுப்பிவிட்டார். மணிமொழி அந்தப் பெண் பாறைத் திருப்பத்தில் மறைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மறைந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். மறைந்த பிறகு, இன்னும் பத்துத் துடுப்பு போகட்டும் என்று நினைத்தாள். பத்து ஆவதற்குள் வாய் திறந்துகொண்டது.

"வந்தாரு" என்றாள்.

மலர் நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்கப்பா வந்தாரு. மூணு தடவ வந்தாரு. நான்தான் பாக்க விடல." குரல் அவளுடையது மாதிரியே இல்லை. ஆறாவது வயதில் சைக்கிளோடு வந்ததையும், விளையாட்டு விழா அன்று பின்வாசல் வழியாகப் போனதையும் சொன்னாள். சொல்லச் சொல்ல எல்லாம் சின்னதாகத் தெரிந்தது, ஒரு நிமிஷத்தில் சொல்லி முடிக்கிற அளவு சின்னதாக. பிறகு மூன்றாவதுக்கு வந்தாள். "பத்தாவது ரிசல்ட் அப்ப ஆபீசுக்கு வந்தாரு. உன் இஷ்டத்தக் கேட்டுச் சொல்லச் சொன்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"கேட்டுட்டேன்னு சொன்னேன்."

"எங்கிட்ட கேக்கவே இல்லியேம்மா."

"ஆமா."

"நான் என்ன சொன்னேன்னு சொன்ன?"

"உனக்கு அவரப் பிடிக்கல, பாக்க வேணாம்னு."

மலர் அப்பாவைப் பார்த்தாள். இல்லை என்று அவர் சொல்லுவார் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. அவர் சொல்லவில்லை. "நான் சொன்னதா" என்று ஒரு தடவை சொன்னாள், தனக்குள்ளேயே. பிறகு மாதப்பனிடம், அண்ணா, அந்த மணல் திட்டில் கொஞ்சம் நிறுத்துறீங்களா என்று கேட்டாள். பரிசல் மணலைத் தொடுவதற்குள்ளேயே இறங்கி, முழங்கால் தண்ணீரில் நடந்து கரையேறி, திரும்பிப் பார்க்காமல் பாறைகளின் பக்கம் போனாள். மாதப்பன் வெற்றிலைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு தள்ளிப்போய் உட்கார்ந்தார்.

இறங்கி மணலில் நின்றார்கள் இருவரும். ஈரமான பாதுகாப்புச் சட்டை தோளை அழுத்தியது. அதைக் கழற்றலாம் என்று தோன்றவே இல்லை. கொஞ்ச தூரத்தில் மலர் ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தாள், முதுகு மட்டும் தெரிந்தது. அழுகிறாளா? தோள் அசையவில்லை. அழாமல் இருப்பது இன்னும் பயமாக இருந்தது. சின்ன வயதில் விழுந்தால் உடனே அழமாட்டாள், மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்பாள், எப்போது அழுகை வரும் என்று முதுகைத் தடவிக்கொண்டே நிற்க வேண்டியிருக்கும். இன்று போய்த் தடவ முடியாது.

"சொல்லாமலே இருந்திருக்கலாம்" என்றார் அவர்.

"சொல்லாமதான இருந்தேன், இத்தன வருஷமா."

அவர் குனிந்து ஒரு கூழாங்கல்லை எடுத்தார், மறுபடி கீழே போட்டார். பிறகு தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "மணி, ஒண்ணு சொல்லணும்" என்றார். "அன்னிக்கு மரத்தடியில நீ அப்படிச் சொன்னப்ப, எனக்கு உள்ளுக்குள்ள நிம்மதியா இருந்துச்சு. வீட்டுல ஷைலஜா ஒத்துக்கல. பையன் சின்னவன். இனிமே வர வேணாம், அவளே சொல்லிட்டான்னு பஸ்ல போறப்ப நிம்மதியா தூங்கினேன். நீ பொய் சொல்றியோன்னு ஒரு சந்தேகம் இருந்துச்சு. கேக்கல. கேட்டா மறுபடி வரணுமே."

மணிமொழி அவரைத் திரும்பிப் பார்த்தாள். நீ என்கிறார். எப்போது மாறியது என்று இரண்டு பேரும் கவனிக்கவில்லை. அந்த வேப்பமரத்தடியிலிருந்து அவர் தளர்ந்து நடந்துபோன முதுகை நினைத்து நினைத்து ஏழு வருஷமாக அவள் தூக்கம் கெட்டது. அந்த முதுகுக்குள் நிம்மதி இருந்ததாம். சிரிப்பதா, அறைவதா? என் பாரம் பாதி குறைந்ததா என்று தனக்குள் தேடிப் பார்த்தாள். குறையவில்லை. அவர் செய்தது அவரோடு, இவள் செய்தது இவளோடு. இரண்டையும் கூட்டினாலும் கழித்தாலும், அந்தப் பாறையில் உட்கார்ந்திருக்கிறவள் கேட்கப்படாமலே போனது மாறாது. "இத அவகிட்ட சொல்லிடுங்க" என்றாள். "என்னப் பத்தி மட்டும் தெரிஞ்சா அது பாதிதான்." அவர் தலையசைத்தார். தைரியம் வருமோ வராதோ என்று தெரியாத தலையசைப்பு.

திரும்பி வருகிறபோது மலர் அதே இடத்தில், இருவருக்கும் நடுவில், யாரையும் தொடாமல் உட்கார்ந்து வந்தாள். ஓட்டத்தோடு போவதால் பரிசல் விரைவாகப் போனது, சுவர்கள் தாழ்ந்தன, வெயில் முகத்தில் அடித்தது. கரையேறி, பாதுகாப்புச் சட்டைகளைக் கழற்றிக் கொடுத்து, வண்டிகள் நிற்கிற இடத்துக்கு வந்த பிறகுதான் மலர் வாய் திறந்தாள். அப்பாவோடு காரில் ஓசூர் போகிறேன், ராத்திரி அங்கே தங்கிவிட்டு நாளைக்கு வீட்டுக்கு வருகிறேன், அவர் பேசுவதைத் தனியாகக் கேட்க வேண்டும் என்றாள். அனுமதி கேட்கவில்லை. அவருக்கே அது புதிதாக இருந்தது, வீட்டுக்குச் சொல்ல வேண்டும் என்று போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார். பதினாறு வருஷம் எதை நினைத்துக் கதவில் சங்கிலி போட்டாளோ அது பட்டப்பகலில், அவள் கண் முன்னாலேயே, அவ்வளவு சாதாரணமாக நடந்துகொண்டிருந்தது. ஏறிக்கொண்டு போகிறாள். தடுக்க ஒரு வார்த்தை இல்லை.

"மாத்துத் துணி இல்லியே" என்றாள் கடைசியில்.

"பரவால்ல." மலர் போகத் திரும்பினாள், பிறகு நின்றாள். "எனக்கு இன்னும் கோபமே வரலம்மா. ஒண்ணுமே வரல. வரும். வந்தா உனக்குத்தான் போன் பண்ணுவேன்."

தர்மபுரிப் பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பென்னாகரம் தாண்டுகிற வரைக்கும் முன்னால் போகிற கார்களையெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தாள், அவருடையது என்ன நிறம் என்றுகூடச் சரியாகப் பார்க்கவில்லையே என்று நினைத்தாள். மடியில் கைப்பை, கைப்பையில் மூன்று பேருக்கும் சேர்த்துக் கட்டிவந்த எலுமிச்சை சாதம் பிரிக்காமல் கிடந்தது. பக்கத்தில் ஒரு அம்மாள் தோளில் சாய்ந்து தூங்கினாள். வியாழக்கிழமை ரயிலுக்குத் தன்னை வரச் சொல்வாளா? நாளைக்கு வருவேன் என்றவள் வருவாளா? வந்து துணிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டால்? ஓசூரிலிருந்தே புனேவுக்கு ரயில் இருக்கிறதோ என்னவோ. சொல்லாமல் இருந்திருந்தால் இந்நேரம் மூன்று பேரும் எங்கேயாவது டீ குடித்துக்கொண்டிருப்பார்கள், இவள் தோளில் சாய்ந்து மலர் தூங்கிக்கொண்டு வந்திருப்பாள். அந்த மலர் எப்படி இருந்திருப்பாள் என்று நினைத்துப் பார்த்தாள். பரிசலில் பார்த்த அந்த முகத்தோடு இருந்திருப்பாள். அம்மாவால்தான் இப்படி என்று தெரியாமல், நான் போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே புனேயில் இறங்கி, வேலைக்குப் போய், கல்யாணம் செய்து, கிழவியாகி. பேருந்து வளைவுகளில் குலுங்கியது. வெயில் சாய்ந்து புளியமரங்களின் நிழல் சாலைக்குக் குறுக்கே விழுந்து விழுந்து கண்ணை வெட்டியது.

தர்மபுரி எல்லைக்குள் நுழைகிறபோது போன் அடித்தது.

"எப்படிம்மா உனக்கு மனசு வந்துச்சு?" மலர் கத்தினாள். பின்னால் லாரிகள் போகிற சத்தம். "நான் சொன்னதா சொல்றதுக்கு? என் வாயால வந்ததா? அவரு என்னடான்னா நிம்மதியா தூங்கினாராம். சொல்றாரு. ரெண்டு பேரும் எம்பேர்ல பேசி முடிச்சுக்கிட்டீங்க, நான் அங்க மார்க் ஷீட்ட வச்சுக்கிட்டு... பாலக்கோடு தாண்டி வண்டிய நிறுத்தச் சொல்லிட்டேன். ரோட்டுல நிக்கறேன். எனக்கு அவரு மூஞ்சியும் பாக்க வேணாம், உன் மூஞ்சியும் பாக்க வேணாம்." அழுகை வந்து வார்த்தையை விழுங்கியது. மூச்சை இழுத்தாள், மறுபடி ஆரம்பித்தாள்.

பக்கத்தில் தூங்கிய அம்மாள் விழித்துக்கொண்டு பார்த்தாள். முன் இருக்கையில் இருந்தவர் திரும்பினார். நான் வரட்டுமா, அங்கேயே நில், தண்ணீர் குடி, ஓரமாக நில், நான் ஏன் அப்படிச் செய்தேன் என்றால் என்று பத்து வாக்கியங்கள் மணிமொழியின் நாக்கில் வந்து முட்டின. ஒன்றையும் விடவில்லை. போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"கேக்குதா உனக்கு? இருக்கியா?"

"இருக்கேன் மலரு" என்றாள். "சொல்லு."

பேருந்து நிலையத்தில் எல்லோரும் இறங்கினார்கள். நடத்துநர் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார். அவள் காலியான பேருந்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.